மணிக்கணக்கில் நடக்கும் மருத்துவம்: போரால் இடம்பெயர்ந்த பெண்களின் இனப்பெருக்க நலம்

குண்டுவீச்சுக்குத் தப்பி 10,000 பேர் ஒரு திறந்தவெளியில் வந்து சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். யார், எவர் என்ற கணக்கு எவரிடமும் இருக்காது. ஆனாலும் நிவாரணத் துறையில் நெடுங்காலமாகப் புழங்கும் சில எளிய விகிதங்களைக் கொண்டே தேவையை மதிப்பிட்டுவிடலாம். வந்தவர்களில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 2,500 பேர், 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்கள். ஆண்டுக்கு 100 பேருக்கு 4 பிறப்பு என்று கொண்டால் ஆண்டில் 400 பிரசவம். எந்த நாளில் பார்த்தாலும் சுமார் 300 பேர் கர்ப்பிணிகளாக இருப்பார்கள்; மாதத்துக்கு 33 குழந்தைகள் பிறக்கும். பிரசவங்களில் 100க்கு 15 சிக்கலாகலாம் என்பதால், மாதம் ஐந்து பெண்களுக்கு அவசர மகப்பேறு சிகிச்சை வேண்டியிருக்கும். 100க்கு 5 முதல் 15 பேருக்கு சிசேரியன் தேவைப்படும்.

இந்தக் கணக்கு முதலில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. "நிலைமையை ஆராய்ந்த பிறகு தொடங்கலாம்" என்ற பேச்சு ஒவ்வொரு நெருக்கடியிலும் எழுகிறது. ஆராய்ச்சி முடிவதற்குள் முதல் மாதத்து 33 பிரசவங்களும் நடந்து முடிந்திருக்கும். எந்த மருந்து கொடுக்க வேண்டும், எந்த அளவில் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் பல ஆண்டுகளாகத் தெரிந்தவை. அந்த மருந்து பெண்ணிடம் வந்து சேர்வதற்குள் நேரம் தீர்ந்துபோகிறது என்பதே உண்மையான சிக்கல். ஆகவே இந்தச் சேவையை மணிக்கணக்கு பார்த்துத்தான் திட்டமிட வேண்டும்.

தாமதமாக வந்த அக்கறை

1990களின் நடுப்பகுதிவரை அகதிகள் நிவாரணம் என்றால் உணவு, தண்ணீர், கூடாரம், தொற்றுநோய்த் தடுப்பு, அவ்வளவுதான். பிரசவமும் கருத்தடையும் அமைதி திரும்பிய பின் பார்த்துக்கொள்ளும் விஷயங்களாகவே கருதப்பட்டன. 1994இல் கெய்ரோவில் நடந்த மக்கள்தொகை, வளர்ச்சி மாநாடு இடம்பெயர்ந்தோரின் இனப்பெருக்க நலத்தை வெளிப்படையாகப் பேசியது. அதே ஆண்டில் ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலையும் பெருமளவிலான பாலியல் வன்முறையும் இந்த அலட்சியத்தின் விலையை உலகுக்குக் காட்டின. 1995இல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஒரு கூட்டுப் பணிக்குழுவை அமைத்தன. அக்குழு வகுத்ததுதான் "குறைந்தபட்ச ஆரம்பச் சேவைத் தொகுப்பு". அதன் களக் கையேடு 1999இல் வெளிவந்தது. 2010இலும் 2018இலும் திருத்தப்பட்டது.

நெருக்கடி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள், இயன்ற இடமெல்லாம், செய்ய வேண்டியவற்றை இத்தொகுப்பு வரையறுக்கிறது. பொறுப்பேற்று ஒருங்கிணைக்க ஓர் அமைப்பு வேண்டும். பாலியல் வன்முறையைத் தடுக்க வேண்டும்; பாதிக்கப்பட்டவருக்குச் சிகிச்சை தர வேண்டும். எச்.ஐ.வி. உள்ளிட்ட பால்வினைத் தொற்றுகள் பரவாமல் காக்க வேண்டும். தாய், சேய் மரணங்களையும் விரும்பாத கர்ப்பங்களையும் தவிர்க்க வேண்டும். முதல் நாளிலிருந்தே முழுமையான சேவைக்கும் திட்டமிடத் தொடங்க வேண்டும். இவற்றோடு, அந்தந்த நாட்டுச் சட்டம் இடம் தரும் முழு அளவுக்குப் பாதுகாப்பான கருக்கலைப்பும் 2018 திருத்தத்தில் இடம்பெற்றது.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை, கர்ப்பிணிகளுக்குத் தனிப் பாதுகாப்பு தர வேண்டும் என்று 16ஆம் பிரிவில் சொல்கிறது. நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தோருக்கான 1998ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளில் 19ஆவது நெறி, பெண் மருத்துவப் பணியாளர்களையும் இனப்பெருக்க நலச் சேவையையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஒரு சோதனைச்சாவடியில் ஆம்புலன்ஸ் மறிக்கப்படும்போது இந்தப் பிரிவு எண்களைத் தெரிந்து வைத்திருப்பவர் பேச்சுவார்த்தையில் ஓரடி முன்னால் நிற்பார்.

பிரசவம்: எவ்வளவு நேரம் இருக்கிறது?

சிகிச்சை கிடைக்காவிட்டால், சிக்கல் தொடங்கியதிலிருந்து மரணம்வரை சராசரியாக எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு மகப்பேறு மருத்துவத்தில் பழைய கணக்கு ஒன்று உண்டு. பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கென்றால் 2 மணி நேரம். பிரசவத்துக்கு முந்தைய ரத்தப்போக்குக்கு 12 மணி நேரம். கருப்பை கிழிந்தால் 1 நாள், வலிப்புக்கு 2 நாள், குழந்தை வெளிவர வழியின்றித் தடைபட்ட பிரசவத்துக்கு 3 நாள், கிருமித் தொற்றுக்கு 6 நாள். முகாமில் எதை வைத்திருக்க வேண்டும், எதற்காக வேறிடம் அனுப்பலாம் என்பதை இந்தக் கணக்கே முடிவு செய்துவிடுகிறது. இரண்டு மணி நேரத்தில் கொல்லும் ஒன்றுக்கான மருந்தைத் தொலைதூர மருத்துவமனையில் மட்டும் வைப்பதில் பொருளில்லை.

ரத்தப்போக்கைத் தடுக்க, குழந்தை பிறந்தவுடன் தாய்க்கு ஆக்சிடோசின் 10 அலகு தசையில் போட வேண்டும். எளிய ஊசிதான். ஆனால் அது வெப்பத்தில் வீரியம் இழக்கும். 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். வெயிலில் நிற்கும் லாரியில் இரண்டு வாரம் கிடந்த ஆக்சிடோசின் பார்க்கத் தெளிவாகவே இருக்கும், கருப்பையை மட்டும் சுருக்காது. "அறை வெப்பநிலையில் வைக்கலாம்" என்று சில உறைகளில் அச்சாகியிருப்பது குழப்பத்தை இன்னும் கூட்டுகிறது. தடுப்பூசிகளுக்கான குளிர்பெட்டி அநேகமாக எல்லா முகாமிலும் இருக்கும். அதில் ஆக்சிடோசினுக்கும் ஒரு தட்டு ஒதுக்கினாலே சிக்கலில் பாதி தீரும். தடுப்பூசிக் குழுவும் மகப்பேற்றுக் குழுவும் ஒன்றோடொன்று பேசாததால்தான் அது நடப்பதில்லை.

குளிர்பெட்டியே இல்லாத இடத்தில் வெப்பம் தாங்கும் கார்பிடோசின் 100 மைக்ரோகிராம் ஊசி உதவும். ஊசி போட ஆளில்லை என்றால் மிசோப்ரோஸ்டால் மாத்திரை 400 அல்லது 600 மைக்ரோகிராம் வாய்வழியே கொடுக்கலாம். மாத்திரை வெப்பத்தைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. எனவே அலுமினிய உறையிலிருந்து முன்கூட்டியே பிரித்துப் பொட்டலம் கட்டக் கூடாது. எந்த மருந்தானாலும், வயிற்றைத் தொட்டுப் பார்த்து உள்ளே இரண்டாவது குழந்தை இல்லை என்று உறுதி செய்த பிறகே கொடுக்க வேண்டும். ஸ்கேன் பார்க்காத இரட்டைக் கர்ப்பங்கள் முகாம்களில் அபூர்வமில்லை.

தடுத்தும் ரத்தம் போகிறது என்றால், முதலில் அது கண்ணில் பட வேண்டும். மங்கிய விளக்கில், துணியில் ஊறிய ரத்தத்தைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுபவர் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுவார். தாயின் இடுப்புக்குக் கீழே விரிக்கும் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு இதற்காகவே இருக்கிறது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. விரிப்பால் அளந்து, கருப்பையைத் தடவி, கருப்பையைச் சுருக்கும் மருந்து, ரத்தம் உறைய உதவும் டிரானெக்சாமிக் அமிலம், நரம்புவழித் திரவம், பரிசோதனை ஆகிய எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரே மூச்சில் செய்தபோது கடுமையான விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன. டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம், பத்து நிமிடத்தில் நரம்புவழியே ஏற்ற வேண்டும். பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் என்றால்தான் பலன். ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் அதன் பலன் சுமார் 10 சதவீதம் குறைகிறது என்பது தெரிந்த பின்னும் அந்த மருந்து பூட்டிய அலமாரியில், சாவி இன்னொருவர் வீட்டில் என்று இருப்பதைப் பொறுத்துக்கொள்ளவே முடியாது.

ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் பெண்ணுக்கு மக்னீசியம் சல்பேட். முதல் அளவில் 4 கிராம் நரம்பில் மெதுவாக, 10 கிராம் தசையில், பிட்டத்துக்கு ஒரு பக்கம் 5 கிராமாக. நரம்பில் ஏற்ற வழியில்லாத சிறு நிலையத்தில் தசைவழி 10 கிராமை மட்டும் போட்டு உடனே அனுப்பலாம். பல இடங்களில் மருந்து இருக்கும், போடத்தான் பயம். மூச்சு நின்றுவிடுமோ என்று செவிலியர் தயங்குவார். மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையாமல் இருக்கிறதா, முழங்கால் அனிச்சை இருக்கிறதா, நான்கு மணி நேரத்தில் 100 மி.லி. சிறுநீராவது போகிறதா என்று பார்த்துவிட்டே அடுத்த அளவைப் போட வேண்டும். முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட் 1 கிராம் அதே தட்டில் இருந்தால் அந்தப் பயம் பெரிதும் விலகும். இரண்டையும் சேர்த்தே வாங்கி, சேர்த்தே அடுக்க வேண்டும்.

குழந்தைக்கு இருப்பது ஒரு நிமிடம். பிறந்து அழாத குழந்தையைத் துடைத்து, முதுகில் தேய்த்தும் மூச்சு வரவில்லையென்றால், முதல் நிமிடத்துக்குள் முகமூடியும் காற்றுப்பையும் கொண்டு மூச்சு கொடுக்கத் தொடங்க வேண்டும். ஆக்சிஜன் உருளை இல்லை என்று நிறுத்த வேண்டாம். நிறைமாதக் குழந்தைக்குச் சாதாரணக் காற்றே போதும். இங்கே அடிக்கடி தவறுவது முகமூடியின் அளவு. 0, 1 என்ற இரண்டு அளவும் வேண்டும். பெரிய முகமூடி மட்டும் இருந்தால் காற்று ஓரத்தில் கசிந்து நெஞ்சு உயராது. கூடாரத்தின் குளிரில் எடைகுறைந்த குழந்தைக்கு இன்குபேட்டரைவிடத் தாயின் வெறும் மார்பே நம்பகமானது. அதற்கு மின்சாரம் வேண்டாம்.

மருத்துவமனைக்குப் போகவே முடியாமல் போகக்கூடிய பெண்களுக்கென்று சுத்தப் பிரசவப் பொட்டலம் ஒன்று உண்டு. ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, சோப்பு, கையுறை, தொப்புள்கொடி கட்ட இரண்டு நாடா, புதிய பிளேடு, குழந்தையைத் துடைக்கவும் சுற்றவும் துணி, படவிளக்கம். நிறைமாதத்தை நெருங்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் இதைக் கொடுக்கலாம். கொடுக்கும்போதே எந்தக் கூடாரத்தில் மருத்துவச்சி இரவும் இருக்கிறார், எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் கொடுத்த பொட்டலம், வீட்டிலேயே பெற்றுக்கொள் என்ற செய்தியாகிவிடும்.

முதல் வாரங்களில் அக்கறையுள்ள குழுக்கள்கூடச் செய்யும் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். பகல் பத்து மணிமுதல் மூன்று மணிவரை கர்ப்பிணிகள் பரிசோதனை முகாம் நடத்துவார்கள். இரவில் பிரசவம் பார்க்க ஆள் இருக்காது. பரிசோதனை அவசியம்தான். ஆனால் ரத்தப்போக்கும் அடைபட்ட பிரசவமும் பரிசோதனை அட்டையில் முன்கூட்டித் தெரிவதில்லை. ஆளும் பணமும் ஒன்றுக்கு மட்டும்தான் போதும் என்றால், 24 மணி நேரமும் திறந்திருக்கும் பிரசவ அறைக்கே முதலிடம்.

அனுப்பி வைப்பது என்றால்

5,00,000 பேருக்குக் குறைந்தது ஐந்து அவசர மகப்பேறு நிலையங்கள், அவற்றில் ஒன்றிலாவது அறுவையும் ரத்தம் ஏற்றும் வசதியும் என்பது உலகளாவிய அளவுகோல். போர்ப் பகுதியில் அந்த ஒன்று பெரும்பாலும் எல்லைக்கோட்டின் மறுபக்கம் இருக்கும். "பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவோம்" என்று திட்டத்தில் எழுதினால் மட்டும் போதாது. இரவு ஊரடங்கில் வண்டி ஓட அனுமதிக் கடிதம் யார் தருவார்? சாவடிக்கு முன்கூட்டித் தகவல் சொல்வது யார்? ஓட்டுநர் எங்கே படுக்கிறார், எரிபொருள் யாருடைய பூட்டில்? அங்கே கட்டணம் கேட்டால் யார் கட்டுவது? கூட யார் போவது, அந்தப் பெண்ணின் மற்ற பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது? கடைசிக் கேள்விக்கு விடையில்லாததால் வண்டி ஏற மறுக்கும் தாய்மார்கள் உண்டு. அவர்களை அறியாதவர்கள் என்று சொல்வது அநியாயம்.

மகப்பேறு மரணங்களை ஆராய்ந்தவர்கள் மூன்று தாமதங்களைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்: போகலாம் என்று முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்த இடத்தில் சிகிச்சை தொடங்குவதில். போர் இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் நீட்டுகிறது. மூன்றாவதைக் குறைக்க எளிய வழி, வண்டி கிளம்பும்போதே பெண்ணின் ரத்த வகை, கொடுத்த மருந்து, கொடுத்த நேரம் மூன்றையும் தொலைபேசியில் சொல்லிவிடுவது. ஏற்றும் ரத்தம் எதுவானாலும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ் ஆகிய நான்குக்கும் சோதித்திருக்க வேண்டும். அவசரம் என்று அதைத் தாண்டக் கூடாது.

72 மணி, 120 மணி

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண் வந்தால், கடிகாரம் அவர் வரும் முன்பே ஓடத் தொடங்கிவிட்டது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். அவசரக் கருத்தடைக்கு 120 மணி நேரம்: லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. ஒரே வேளை, அல்லது உலிப்ரிஸ்டல் 30 மி.கி., அல்லது காப்பர்-டி. லெவோநார்ஜெஸ்ட்ரல் எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. உடல் பருத்தவர்களிடம் அதன் பலன் குறையலாம் என்பதால் மற்ற இரண்டும் கைவசம் இருக்க வேண்டும். முன்பே கர்ப்பம் இருந்தாலும் லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரை கருவுக்குத் தீங்கு செய்யாது. ஆகவே கர்ப்பப் பரிசோதனைக்காக மாத்திரையை நிறுத்தி வைக்கத் தேவையில்லை. பால்வினைத் தொற்றுகளுக்கான மருந்து, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, காயமிருந்தால் டெட்டனஸ் ஊசி ஆகியவையும் அதே வருகையில் கொடுக்க வேண்டியவை. மூன்று நாள், ஐந்து நாள் கடந்து வந்தவரையும் திருப்பி அனுப்பக் கூடாது. காயம், தொற்று, கர்ப்பம், மனத்துயர் எல்லாவற்றுக்கும் அப்போதும் செய்ய நிறைய இருக்கிறது.

28 நாள் மருந்தையும் முதல் வருகையிலேயே கையில் கொடுத்துவிடுவது முக்கியம். ஏழு நாளுக்குக் கொடுத்து மறுபடி வரச் சொன்னால் முகாம் கலைந்திருக்கலாம், கணவர் தடுத்திருக்கலாம், வரிசையில் நிற்க வெட்கம் தடுத்திருக்கலாம். எச்.ஐ.வி. சோதனை வேண்டாம் என்று அவர் சொன்னாலும் தடுப்பு மருந்தை மறுக்கக் கூடாது.

மருந்துக்கும் முன்னால் வர வேண்டியது பேச்சு, அதாவது குறுக்கிடாமல் கேட்பது, உடனடியாக என்ன தேவை என்று விசாரிப்பது, அவர் சொல்வதை நம்புகிறோம் என்று தெரிவிப்பது, இனி எங்கே பாதுகாப்பாகத் தூங்கலாம் என்று சேர்ந்து யோசிப்பது. விவரங்களைத் தோண்டிக் கேட்க வேண்டியதில்லை. உடல் பரிசோதனை அவர் சம்மதித்த அளவுக்கு மட்டுமே. எந்தக் கட்டத்திலும் நிறுத்தச் சொல்லலாம், நிறுத்தினாலும் மருந்து உண்டு என்று முன்பே சொல்லிவிட வேண்டும். "கன்னித்தன்மைச் சோதனை" என்ற பெயரில் விரலால் சோதிப்பதற்கு எந்த மருத்துவ அடிப்படையும் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் 2018இல் அதைக் கைவிடச் சொல்லியிருக்கிறது.

சேவை இருந்தும் யாரும் வருவதில்லை என்று வருந்தும் நிலையங்களில் காரணங்களைத் தேடினால் கிடைத்துவிடும். வாசலில் "பாலியல் வன்முறை சிகிச்சை மையம்" என்று பலகை தொங்கும். அதற்குள் நுழைவதே ஊருக்கு அறிவிப்பதாகிவிடும். பெண்கள் நலப் பிரிவு என்ற பொதுப் பெயரில், பிரசவத்துக்கும் கருத்தடைக்கும் வருகிறவர்களோடு ஒரே வாசலில் நுழைய விட்டால் போதும். காவலாளி, பதிவாளர், செவிலியர் என்று மூன்று பேர் மூன்று முறை "என்ன நடந்தது" என்று கேட்பார்கள். மொழிபெயர்க்க உறவினரையோ முகாமின் செல்வாக்குள்ள ஆளையோ உட்கார வைப்பார்கள். ரகசியம் காக்கப் பயிற்சி பெற்ற பெண் மொழிபெயர்ப்பாளரே அந்த அறையில் இருக்கலாம். போலீஸ் புகார் இருந்தால்தான் சிகிச்சை என்ற நிபந்தனை எல்லாவற்றிலும் மோசமானது. பதிவேட்டில் பெயருக்குப் பதில் குறியீட்டு எண் எழுதி, பெயர்ப் பட்டியலைத் தனியே பூட்டி வைக்க வேண்டும். ஆயுதக் குழு நிலையத்துக்குள் புகுந்தால் அந்தப் பதிவேடு என்ன செய்யும் என்று ஒரு கணம் யோசித்தாலே போதும்.

தடுப்பு பெரும்பாலும் மருத்துவருக்கு வெளியே இருக்கிறது. கழிப்பறை வீட்டிலிருந்து 50 மீட்டருக்குள், உள்தாழ்ப்பாளோடு, வழியில் விளக்கோடு, ஆண்களுக்கு ஒன்றென்றால் பெண்களுக்கு மூன்று என்ற கணக்கில் இருக்க வேண்டும். சூடானின் டார்ஃபூரில் விறகு பொறுக்க முகாமுக்கு வெளியே போன பெண்கள் தாக்கப்பட்டார்கள். எரிபொருள் வழங்குவதும் பெண்கள் நலத் திட்டம்தான்.

கருத்தடை, கருக்கலைப்பு, மாதவிடாய்

ஓடி வந்த பெண்ணின் மாத்திரை அட்டை பழைய வீட்டில் கிடக்கும், ஊசியின் தவணை வழியில் கடந்திருக்கும். ஆணுறை, மாத்திரை, மூன்று மாத ஊசி, கைத்தோலடியில் வைக்கும் இம்ப்ளான்ட், காப்பர்-டி, அவசர மாத்திரை எல்லாமே முதல் நாளிலிருந்து வேண்டும். தோலடியில் தானே போட்டுக்கொள்ளும் 104 மி.கி. கருத்தடை ஊசி, இடம்விட்டு இடம் போய்க்கொண்டிருப்பவர்களுக்கு மிகவும் ஏற்றது. இரண்டு மூன்று தவணைக்கானதைக் கையில் கொடுத்து அனுப்பலாம். கணவர் கையெழுத்து, திருமணச் சான்று, "எத்தனை பிள்ளைகள்" என்ற கேள்வி எதுவும் தேவையில்லை. அகற்றும் வசதி இல்லாத இடத்தில் இம்ப்ளான்ட் போடுவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் துரோகம். போடுபவர் எடுக்கவும் பழகியிருக்க வேண்டும், கருவியும் அங்கேயே இருக்க வேண்டும்.

பாதிக் கருச்சிதைவோடு வருபவரிடம் அது தானாக நடந்ததா, செய்யப்பட்டதா என்று விசாரிப்பதால் சிகிச்சை மாறுவதில்லை. கருப்பையின் அளவு 14 வாரக் கர்ப்பத்துக்குட்பட்டது என்றால் மிசோப்ரோஸ்டால் 600 மைக்ரோகிராம் வாய்வழியே, அல்லது 400 மைக்ரோகிராம் நாக்கடியில், அல்லது கையால் இயக்கும் உறிஞ்சு கருவி. சுரண்டி எடுக்கும் பழைய முறையை விட்டுவிட வேண்டும். வன்முறையால் வந்த கர்ப்பத்தைக் கலைக்கப் பல நாட்டுச் சட்டங்கள் இடம் தருகின்றன, ஆனால் களத்தில் உள்ளவர்களுக்கே அது தெரிவதில்லை. 2013இல் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2122ஆம் தீர்மானம், இத்தகைய கர்ப்பங்கள் உட்பட முழுச் சேவையும் பாகுபாடின்றிக் கிடைக்க வேண்டும் என்று பேசியது. பணியாளர்கள் அந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பக்கச் சுருக்கத்தையாவது முதல் வாரமே படித்திருக்க வேண்டும்.

மாதவிடாய்க்கு ஆண்டுக்கு 4 சதுர மீட்டர் பருத்தித் துணி, அல்லது மாதம் 15 நாப்கின், அல்லது ஆண்டுக்கு 6 துவைத்துப் பயன்படுத்தும் நாப்கின், கூடவே 6 உள்ளாடை, மாதம் 250 கிராம் கூடுதல் சோப்பு. எது வேண்டும் என்பதைப் பெண்களிடமே கேட்க வேண்டும். துவைத்து உலர்த்த மறைவான இடம் இல்லையென்றால் துணியால் பயனில்லை.

எச்.ஐ.வி. மருந்து எடுத்துவந்தவர் அட்டையைத் தொலைத்திருந்தாலும் அவர் வாய்மொழியை நம்பி மருந்தைத் தொடர வேண்டும். விடுபட்ட ஒவ்வொரு வாரமும் தாயையும் வயிற்றுப் பிள்ளையையும் தாக்கும்.

பெட்டிகள் வந்த பின்

இவற்றுக்கான மருந்துகளும் கருவிகளும் எண்ணிட்ட பெட்டிகளாக ஐ.நா. மக்கள்தொகை நிதியம் வழியே வருகின்றன. சமூக மட்டத்துக்கான பெட்டி ஒன்று 10,000 பேருக்கு, சுகாதார நிலையத்துக்கானது 30,000 பேருக்கு, அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கானது 1,50,000 பேருக்கு. எல்லாமே மூன்று மாதத்துக்கு. குளிரில் வைக்க வேண்டியவை தனியே வரும் என்பதால் பெட்டி வந்தவுடன் எல்லாம் வந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது.

மூன்று மாதம் முடிந்ததும் அதே பெட்டியை மறுபடி கேட்டு எழுதுவதுதான் பரவலான தவறு. ஆணுறை மலைபோல் மிஞ்சியிருக்கும், மக்னீசியம் சல்பேட் முதல் மாதமே தீர்ந்திருக்கும். புதுப் பெட்டியும் அதே விகிதத்தில்தான் வரும். ஒரு பக்கம் காலாவதி, மறுபக்கம் பற்றாக்குறை. முதல் நாளிலிருந்தே எது எவ்வளவு செலவாகிறது என்று வாரம்தோறும் குறித்து வந்தால் நான்காம் மாதத்திலிருந்து தேவையானதை மட்டும் மொத்தமாக வாங்கலாம். வந்துசேர நாளாகும் என்பதால் இரண்டாவது மாதமே கேட்டு எழுத வேண்டும்.

இடம்பெயர்ந்தோரில் பெரும்பாலோர் முகாம்களில் இல்லை. நகரங்களில் வாடகை வீடுகளிலும் உறவினர் வீடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அருகிலேயே மருத்துவமனை இருக்கும், ஆனால் அடையாள அட்டையும் கட்டணமும் வாசலில் மறிக்கும். அங்கே தனி நிலையம் திறப்பதைவிட, இருக்கும் அரசு மருத்துவமனைக்கு மருந்தும் கூடுதல் மருத்துவச்சியரும் கொடுத்து, கட்டணத்தை யாராவது ஏற்றுக்கொள்வது நல்லது. உள்ளூர்ப் பெண்களுக்கும் அதே சேவை கிடைக்கும், மனக்கசப்பும் வராது.

முகாம் மூடப்படும்போதும் மக்கள் திரும்பும்போதும் கைமாற்ற வேண்டியவற்றை முன்பே பிரித்து வைக்க வேண்டும். கர்ப்பிணிகளின் அட்டை அவரவர் கையில், பிளாஸ்டிக் உறையில். எச்.ஐ.வி. மருந்தும் கருத்தடையும் மூன்று மாதத்துக்கு. இம்ப்ளான்ட், காப்பர்-டி போட்டவர்களுக்கு, எந்த வகை, எந்தத் தேதியில் போட்டது, எந்த ஆண்டில் எடுக்க வேண்டும் என்று அவர்கள் படிக்கும் மொழியில் எழுதிய சீட்டு. திரும்பிப் போகும் ஊரில் அதை எடுக்கத் தெரிந்தவர் எந்த நிலையத்தில் இருக்கிறார் என்பதை விசாரித்து அதே சீட்டில் எழுதித் தர வேண்டும்.